பாலத்துக்கு வயது எண்ணுவது எப்படி?

கட்டுக்கம்பியை அறுக்கக் கட்டர் தேவையில்லை. முன்னும் பின்னும் சில முறை வளைத்தால் போதும், பட்டென்று அறுந்துவிடும். எஃகுப் பாலத்துக்கும் இதே கதிதான். என்ன, அங்கே பல லட்சம் முறை ஆகும்! இதற்குப் பெயர் உலோகச் சோர்வு.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இரண்டாவது வான் பிரீனெனோர்ட் பாலம் 1990-ல் திறக்கப்பட்டது. ஏழே வருடம்... 1997-ல், கப்பல்களுக்காகத் தூக்கித் திறக்கும் பகுதியின் தளத்தில் விரிசல்கள். லாரிகள் ஓடிய அந்தத் தளம் 12 மி.மீ. எஃகுத் தகடு. அதன் அடியில், வாய்க்கால் போல மடித்த நீளத் தகடுகளை வெல்டிங் செய்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சக்கரம் போகும்போதும் அந்த வெல்டிங் ஓரம் துளி வளைந்து நிமிரும். விரிசல் பிறப்பது அங்கேதான்.

அந்த வெல்டிங் எவ்வளவு காலம் தாங்கும்? காமர்ஸ் படிப்பவர்களுக்கும் புரிகிற கணக்குதான் இது. ஒரு சக்கர அச்சு கடக்கும்போது வெல்டிங்கில் தகைவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று முதலில் பார்ப்பார்கள். அந்த அளவு ஏற்ற இறக்கத்தைப் பத்து லட்சம் முறை தாங்கும் என்று சோதனைகள் சொன்னால், ஒரு தடவை கடப்பதற்கு ஆயுளில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு செலவு. எல்லாப் பங்குகளையும் கூட்டி ஒன்று வந்தால் ஆயுள் முடிந்தது. 1924-ல் ஸ்வீடனின் பால்ம்கிரென் சொன்னது, 1945-ல் அமெரிக்காவின் மைனர் மறுபடி சொன்னது. வரவே இல்லாமல் பற்று மட்டும் ஏறும் பாஸ்புக்!

இதில் பயமுறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தகைவு இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, சுமார் எட்டில் ஒன்றாகிறது. 2 x 2 x 2 என்ற மும்மடிக் கணக்கு. அதனால்தான் இந்த விஷயத்தில் கார்கள் எத்தனை போனாலும் பெரிய பாதிப்பில்லை. தேய்ப்பவை லாரிகள்தான்.

இந்தியாவுக்கு வருவோம். 2018-ல் மத்திய அரசு, நாலு டயர் கொண்ட ஒற்றை அச்சின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்க 13 சதவீதம்தான். மும்மடிக் கணக்கில் போட்டால், முழு வரம்பில் ஓடும் அச்சு வெல்டிங்கைத் தேய்ப்பது 43 சதவீதம் கூடுகிறது. 2024-ல் திறந்த மும்பை அடல் சேதுவின் நீளமான கண்களில் இருப்பதும் இதே வகை எஃகுத் தளம்தான்.

எடை கூடினால் சரக்குக் கட்டணம் குறையும் என்பது நியாயமான வாதம். ஆனால் லாபம் லாரியின் கணக்கில், தேய்மானம் பாலத்தின் கணக்கில். அந்த இரண்டாவது கணக்கை யாராவது எழுத வேண்டாமா?

வருடத்துக்கு இவ்வளவு என்று சமமாகத் தேய்மானம் போடுவது நாற்காலிக்கும் மேஜைக்கும் சரி. எஃகுத் தளப் பாலத்துக்குப் பொருந்தாது. சுங்கச்சாவடியில் பார்க்கும் எடை, அபராத ரசீதோடு நின்றுவிடக் கூடாது. அச்சு வாரியாகப் பாலத்தின் பேரேட்டிலும் ஏற வேண்டும். எந்த வெல்டிங்கை எப்போது சோதிப்பது என்பதை அந்தப் பேரேடு சொல்லட்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் இருக்கும் தேதிக்கு அது தெரியாது.