மேற்குடி எலும்பில் காரீயம்

ஜப்பானின் கியூஷுத் தீவில், இன்றைய கிதாகியூஷு நகருள் அடங்கிய கோகுரா, முன்னாளில் கோட்டை நகரமாக விளங்கியது. தோக்குகாவா ஆட்சியில் (1603–1867) அங்கு அடக்கம் செய்யப்பெற்ற சாமுராய்க் குடும்பத்தார் 70 பேரின் எலும்புகளை ஆய்வாளர் சோதித்து, 2010 அளவில் முடிவை வெளியிட்டனர். ஆடவரினும் பெண்டிர் எலும்பில் காரீயம் மிகுந்திருந்தது. மூன்று வயது நிரம்பாத குழந்தைகளின் விலா எலும்பிலோ, வளர்ந்தோர் அளவைப் போல் 50 மடங்குவரை இருந்தது. ஊடுகதிர்ப் படத்தில் சில குழந்தைகளின் எலும்புகளில், காரீய நஞ்சு விட்டுச்செல்லும் செறிந்த பட்டைகளும் தென்பட்டன.

நஞ்சின் வாயில் தாயின் முகப்பூச்சே என்பது ஆய்வாளர் துணிபு. காரீயத் தகட்டைக் காடியின் ஆவியில் வைத்துப் பெறும் வெண்பொடியை நீரிற் குழைத்து முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பூசினர். பால் அருந்திய குழவி அதனையும் சேர்த்தே உண்டது. முதிர்ந்த உடல் உட்கொண்ட காரீயத்தில் சிறு பங்கையே ஏற்கும். குழந்தையின் குடல் பாதிவரை ஈர்த்துக்கொள்ளும். சுண்ணச்சத்தென மயங்கி எலும்பு அதனைப் பல்லாண்டு சேமித்து வைக்கும்.

இன்று காரீயம் பெரும்பாலும் எளியோர் குடியிருப்பையே நாடிச் செல்கிறது. கோகுராவில் அது மேன்மையின் அடையாளமாக மாளிகையுள் நுழைந்தது. வெயிலில் உழைப்பவளல்லள் என்று காட்டும் வெண்முகம் குலப்பெருமையாகக் கருதப்பட்டது. அப்பெருமைக்குரிய கடனைத் தாயினும் மிகுதியாகச் செலுத்தியது, அதனை நாடவும் மறுக்கவும் அறியாத பச்சிளங் குழவி. ஆளும் குடியின் அறிவாற்றலை இந்நஞ்சு குன்றச் செய்தமையும் அவ்வாட்சி சரிந்ததற்குக் காரணமாகலாம் என்ற ஊகத்தை நாம் ஏற்கத் தயங்குகிறோம். அரசுகள் வீழப் பல காரணங்கள் உண்டு. குழந்தைகளின் துன்பம் கருத்திற்கொள்ளப்பட அத்தகைய துணை வேண்டுவதில்லை.

அக்காலத் தாய்மாரை நாம் பழியோம்; அவர்கள் அறிந்திலர். அறிந்த பின்னும் வாளாவிருந்தோரைப் பற்றியே நம் வருத்தம். 1887இல் மெய்ஜிப் பேரரசர் முன்னிலையில் ஆடிய கபுகி நடிகர் நாகாமுரா புகுசுகேயின் கால் நடுங்கிற்று. முகப்பூச்சின் காரீயமே காரணமென்பது தெளிவாயிற்று. நச்சு நிறப்பொருள்களைத் தடுக்க 1900இல் வந்த விதி, காரீய முகப்பூச்சுக்கு மட்டும் 'தற்காலிக' விலக்கு அளித்தது. 1904இலேயே காரீயமற்ற முகப்பூச்சு கடைக்கு வந்துவிட்டமையால், வேறு வழியில்லை என்ற சாக்கும் ஒழிந்தது. ஆயினும் விலக்கு நீடித்தது. குழந்தைகளை வாட்டிய மூளைக்காய்ச்சல் போன்ற நோய்க்குக் காரீயமே வேரெனக் கியோத்தோ மருத்துவப் பேராசிரியர் ஹிராய் இகுதாரோ 1923இல் நிறுவினார். 1930இல் விதி திருத்தப்பட்டது; விற்பனை முற்றும் நின்றது அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே.

தற்காலிகம் என்ற சொல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. முன்பு சாமுராய் மனைகளில் நிகழ்ந்ததை அறியாமை என்று பொறுக்கலாம். 1900க்குப் பின் பிறந்து நோயுற்ற குழந்தைகளுக்கு, அவ்விலக்கை எழுதியோரும் அதனை நீடிக்கவிட்டோருமே பொறுப்பாவர்.