பழங்கணினியும் புறத்தட்டும்

ஒரு கருவியின்கண் ஓருறுப்புத் தளர்ந்தவிடத்து, அவ்வுறுப்பினை மட்டும் மாற்றி, ஏனையவற்றைப் பேணிக்கொள்ளுதல் நம் முன்னோர் கைக்கொண்ட முறையாகும். கலப்பையின் கொழு தேய்ந்தவிடத்துக் கொழுவை மாற்றினரேயன்றிக் கலப்பையை எறிந்தாரல்லர். வண்டியின் அச்சு முறிந்தவிடத்து அச்சினை மாற்றினரேயன்றி வண்டியை விறகாக்கினாரல்லர். ஆயின், இக்காலத்துக் கணினியுடையார் பலர், அது மெல்ல இயங்கத் தொடங்கிய அளவிலே, 'இது பழையதாயிற்று. இனிப் பயன்படாது' என்று ஒதுக்கிப் புதியதொன்றினை நாடுகின்றனர். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தினாற்போன்ற இச்செயல் தகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். வெளியே இணைக்கப்பெறும் தட்டொன்றினையே தொடக்கத்தட்டாகக் கொள்ளுதல் அத்தகைய கணினிகளுக்குத் தக்க மருந்தாகும் என்பதும், அங்ஙனம் கொள்ளும் உரிமை உடையவர்க்கு என்றும் இருத்தல் வேண்டும் என்பதும் எமது கருத்து.

தொடக்கத்தட்டாவது யாது? மின்விசையை அழுத்தியவுடன் கணினி தன் இயங்குதளத்தை எத்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு எழுகின்றதோ, அதுவே தொடக்கத்தட்டு. கணினியின் உள்ளே பொருத்தப்பட்டதனை அகத்தட்டு என்றும், யு.எஸ்.பி. அல்லது தண்டர்போல்ட் வடத்தினால் வெளியே இணைக்கப்பட்டதனைப் புறத்தட்டு என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம். இலக்கணம் வல்லார் அகம், புறம் என்னும் சொற்களை யாம் இங்ஙனம் ஆளுதலைப் பொறுத்தருள்வாராக.

புறத்தட்டிலிருந்து கணினியைத் தொடங்குதல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1984ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனியார் வெளியிட்ட முதல் மாக்கின்டாஷ் கணினியில் ஹார்டு டிஸ்க் என்பதே இல்லை. 400 கிலோபைட் கொள்ளும் சிறு பிளாப்பியொன்றைச் செருகினாலன்றி அஃது எழாது. 1986ஆம் ஆண்டில் வந்த மாக்கின்டாஷ் பிளஸ், வெளியே இணைத்த ஹார்டு டிஸ்கிலிருந்து தொடங்கவல்லதாய் இருந்தது. ஆதலின், 'உள்ளிருப்பதே முதன்மை. வெளியிருப்பது தற்காலிகம்' என்னும் எண்ணம் பழக்கத்தால் வந்ததேயன்றிக் கணினியின் இயல்பினால் வந்ததன்று.

இனி, பழங்கணினி மெலிதற்குக் காரணம் யாதென நோக்குவாம். பெரும்பான்மையும் அதன் செயலி தேய்ந்துவிடவில்லை, திரையும் மங்கிவிடவில்லை. சுழலும் தட்டாகிய ஹார்டு டிஸ்கே தடையாய் நிற்கின்றது. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டொன்று ஒருமுறை சுழல ஒரு விநாடியில் ஏறக்குறைய 90இல் ஒரு பங்கு செல்லும். வேண்டிய செய்தி படிமுனையின்கீழ் வந்து சேரச் சராசரி அரைச்சுழற்சிக் காலமேனும் காத்திருத்தல் வேண்டும். அம்முனை உரிய இடத்திற்கு நகருங்காலமோ வேறு. ஆதலின், பலவிடத்துச் சிதறிக்கிடக்கும் சிறு கோப்புக்களை விநாடிக்கு நூறு முறை சென்று எடுத்தலே அதற்கு அரிது. இயங்குதளம் எழும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்கள் வேண்டப்படுகின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் தட்டில் சுழலும் உறுப்பும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஆதலின் அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரவல்லது. உயிர்ப்பு மீளுதலின் மறைபொருள் இவ்வளவே.

'அங்ஙனமாயின் அகத்தட்டையே எடுத்துவிட்டு அவ்விடத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாகாதோ?' எனின், ஆகுமிடத்து அதுவே சிறந்தது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் சில திருகாணிகளைக் கழற்றிய அளவில் இது முடியும். ஆயின், எல்லாக் கணினிகளும் அங்ஙனம் அமைந்தனவல்ல. 2012ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஐமாக் கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் கண்ணாடித்திரை உடலோடு பசைப்பட்டையால் ஒட்டப்பட்டது. உள்ளே செல்லவேண்டின் அப்பசையை அறுத்துத் திரையைப் பெயர்த்தல் வேண்டும். கை சற்றே தவறினும் தட்டினும் விலைமிக்க திரை உடையும். அதன் 21.5 அங்குல வகையில் இருந்ததோ மேற்கூறிய 5,400 சுழற்சித் தட்டு. 2019ஆம் ஆண்டில் வந்த அவ்வளவினதான ஐமாக்கிலும், குறைந்த விலைக்குரியதில் அத்தகைய தட்டே இருந்தது. 2020ஆம் ஆண்டிலேயே ஐமாக் வகை அனைத்திலும் எஸ்.எஸ்.டி. இயல்பாய் அமைந்தது. நல்ல திரையும் நல்ல செயலியும் உடையதாய், மந்தமான தட்டொன்றை வயிற்றில் வைத்து ஒட்டப்பட்ட இக்கணினிகளுக்கே புறத்தட்டு பெரிதும் உதவுவது.

வடத்தின் வழியே செல்லுதலால் வேகம் குன்றாதோ என ஐயுறுவார்க்கு விடை கூறுவாம். யு.எஸ்.பி. 2.0 வழி விநாடிக்கு 480 மெகாபிட், அஃதாவது 60 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது, அது போதாது. மேற்கூறிய ஐமாக்குகளில் உள்ள யு.எஸ்.பி. 3.0 வழியோ விநாடிக்கு 5 கிகாபிட் அளவினது. சுழலும் பழந்தட்டினும் பன்மடங்கு விரைவாகச் செய்திகளைக் கொண்டுசெல்ல அது போதும். வாங்குவோர் தட்டினை மட்டுமன்றி, உறையும் வடமும் அவ்வகையினவோ என நோக்கி வாங்குவாராக.

செய்முறையும் அரியதன்று. புறத்தட்டினைக் கணினி ஏற்கும் வடிவில் அமைத்து, அதன்கண் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, பின்னர்ப் பழைய கோப்புக்களைக் கொணர்தலே நேரிய வழி. அகத்தட்டினை அப்படியே படியெடுத்தால் போதும் என்னும் பழைய முறை, 2020ஆம் ஆண்டில் வந்த பிக் சர் என்னும் இயங்குதளத்திலிருந்து நம்பத்தக்கதாய் இல்லை. நிறுவிய பின்னர், இன்டெல் செயலியுடைய மாக்கில், தொடங்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்துப் புறத்தட்டினைத் தெரிவு செய்யலாம்; அமைப்புக்களில் அதனையே நிலையான தொடக்கத்தட்டாகக் குறித்தும் வைக்கலாம்.

இனி மறுப்பாரின் கூற்றுக்களை நோக்குவாம். 'வடம் கழன்றால் கணினி அக்கணமே நின்றுவிடுமே' என்பர். உண்மை, அதனால் எழுதிக்கொண்டிருந்த கோப்புச் சிதைதலும் கூடும். ஆதலின் மேசைமேல் அசையாது நிற்கும் கணினிக்கே யாம் இதனைப் பரிந்துரைக்கின்றோம். மடிமேல் வைத்து ஊரூராய்க் கொண்டுசெல்லும் கணினிக்கு அன்று. 'தட்டினை எளிதில் எவரும் கவர்ந்து செல்வரே' என்பர். கடவுச்சொல்லின்றிப் படிக்கவொண்ணாதவாறு பூட்டும் வசதி இயங்குதளத்திலேயே உள்ளது. அதனைக் கைக்கொள்ளாதார் அகத்தட்டினை வைத்திருப்பினும் காப்பற்றவரே. 'எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் கெடுமே' என்பர். கெடும், கெடாத தட்டு உலகில் இல்லை. ஆதலின் கோப்புக்களின் மறுபடியொன்று வேறிடத்தில் இருத்தல் இன்றியமையாதது. மெல்லியதாயினும் பழுதுறாத பழைய அகத்தட்டும் இப்பணிக்கு உதவும். ஆயின் அஃதொன்றனையே நம்பியிருத்தல் கூடாது.

இம்மருந்து எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாம் கூறவில்லை. 2012ஆம் ஆண்டின் ஐமாக்குக்கு ஆப்பிள் கம்பெனியார் அளித்த இறுதி இயங்குதளம் 2019ஆம் ஆண்டினதாகிய கேட்டலினா. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. தட்டு விரைவாயினும் இக்குறை நீங்காது. அத்தகைய கணினிக்குப் புறத்தட்டிலே லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துதல் தக்கது. அகத்தட்டில் உள்ளதனைத் தொடாமலே இதனைச் செய்து பார்க்கலாம் என்பது புறத்தட்டின் தனிச்சிறப்பு; பிடிக்கவில்லையெனின் வடத்தைக் கழற்றிய அளவில் பழைய நிலை மீளும்.

இறுதியாக, எம்மை வருத்தும் செய்தியொன்று உண்டு. இன்டெல் செயலியோடு டி2 என்னும் காவற்சில்லும் பொருத்திய மாக்குகளில், புறத்தட்டிலிருந்து தொடங்குதல் முதற்கண் தடுக்கப்பட்டே உள்ளது. உடையவர் தாமே அமைப்பினை மாற்றி இசைவு தரவேண்டும். அகத்தட்டுக் கெடுமுன்னரே இதனைச் செய்துகொள்ளுதல் அறிவுடைமை. 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வரும் ஆப்பிள் சிலிக்கன் மாக்குகளிலோ நிலைமை இதனினும் கடிது. அவை புறத்தட்டிலிருந்து எழுவனவேயாயினும், எழுச்சியின் முதற்படி அகச்சேமிப்பிலேயே நிகழ்கின்றது. அகச்சேமிப்பு முற்றும் கெட்டதாயின், நல்ல புறத்தட்டினை இணைத்தும் பயனில்லை. மாக்புக் மடிக்கணினிகளில் அச்சேமிப்புத் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டும் உள்ளது. திருடர்க்கும் தீய நிரல்களுக்கும் அஞ்சி இவ்வாறு அமைத்தனர் என்பதனை யாம் அறிவோம். அக்காவலின் பயனை மறுப்போமல்லோம். ஆயினும், கள்வனைத் தடுக்கும் கதவு, திறவுகோல் உடைய வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்துதல் முறையாகுமோ? கடவுச்சொல்லால் தன்னை மெய்ப்பித்த உடையவர், தாம் விரும்பும் தட்டிலிருந்து தம் கணினியை எழுப்ப வழிவைத்தல் அதனைச் செய்தோரின் கடன் என்போம்.

புதுக்கணினி வாங்கும் பொருள் எல்லா மாணாக்கர்க்கும் இல்லை. அண்ணன்மார் பயன்படுத்தி ஒதுக்கியதும், அலுவலகத்தார் கழித்ததும் பலர்க்குக் கிட்டும் முதற்கணினியாகும். அதனைக் குப்பையென இகழுமுன், அதன் மந்தம் தட்டினால் வந்ததோ என ஆராய்வாராக. தட்டினால் வந்ததாயின், உள்ளங்கையில் அடங்கும் புறத்தட்டொன்று அதனைப் பின்னும் சில்லாண்டு கற்றற்குத் துணையாக்கும். பொருளைப் பேணுதல் வறியார்க்கு மட்டும் உரிய ஒழுக்கமன்று. அறிவுடையார் அனைவர்க்கும் உரியதாகும்.