சாருக்கும் ஒரு சார் வேண்டும்!

வாத்தியாருக்குப் பரிந்து பேசுகிறானே, இன்டர்னல் மார்க்குக்கு ஐஸ் வைக்கிறானோ என்று நினைக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்த பி.எட். வேண்டும். பாலிடெக்னிக்கில்? பி.இ. முதல் வகுப்பில் தேறினால் போதும். நேற்றுவரை பெஞ்சில் இருந்தவர் இன்று சாக்பீஸோடு நிற்கிறார். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆன்லைன் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகளை மூடியபோது அனுபவஸ்தர்களே திணறினார்கள். நேரில் என்றால் நம் முழியைப் பார்த்தே ‘புரியலையாடா?’ என்று கேட்டுவிடலாம். செல்போனில் என்ன தெரியும்? வெறும் பெயர்கள்! ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே பத்து நிமிஷம் போய்விடும். சமீபத்தில் ஒரு லீவு நாள் வகுப்பில், புதிதாய்ச் சேர்ந்த சார் ஒருவர் தெவினின் தேற்றத்தை அப்படியே வாசித்துக்கொண்டு போனார். சர்க்யூட் போடவே இல்லை. திரையில் எப்படிப் போடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட அவருக்கு ஆளில்லை, பாவம்.

இதில் உனக்கென்ன நஷ்டம் என்பீர்கள். வடுகபட்டி பூண்டு மண்டியில் அப்பா மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். வகுப்பில் புரியாததை வீட்டில் யாரிடம் கேட்க? வசதியுள்ளவன் டியூஷன் போவான். எனக்கு அரியர்தான்! மண்டியிலேகூட புதுப் பையனைத் தனியா விடமாட்டாங்க. மலைப்பூண்டு எது, சொத்தை எது என்று ஒரு பெரியவர் கூடவே உட்கார்ந்து கத்துக் கொடுப்பார்.

வழி இல்லாமல் இல்லை. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவே சென்னை தரமணியில் 1964-ல் ஒரு மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஏ.ஐ.சி.டி.இ.யும் புதிய ஆசிரியர்களுக்கென 8 பாடப்பிரிவுகள் கொண்ட பயிற்சியை ‘ஸ்வயம்’ வழியாக ஏற்படுத்தியது. மூத்த ஆசிரியர் ஒருவர் வழிகாட்டுவதும் அதில் உண்டு. ஆனால் சான்றிதழோடு நின்றால் என்ன பிரயோஜனம்? வாரம் ஒரு ஆன்லைன் வகுப்பிலாவது மூத்த சார் கூட இருந்து பார்க்கட்டும். முடிந்ததும் ரெண்டு பேரும் டீ குடித்தபடி பேசட்டும். (கம்ப்யூட்டர் விஷயத்தில் இளையவரும் மூத்தவருக்குக் கத்துக் கொடுக்கலாம்!) ஆனால் பார்த்ததை முதல்வரிடம் போட்டுக் கொடுக்கக் கூடாது. வேவு பார்க்கிறார் என்று தெரிந்தால் யார் வாய்விட்டுச் சந்தேகம் கேட்பார்கள்? மூத்தவருக்கும் டைம்டேபிளில் அதற்கென்று ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும்.

நம் யூனியன் கோரிக்கை மனுவில் பஸ் பாஸ், குடிதண்ணீர், கேன்டீன் எல்லாம் இருக்கிறது. இதையும் சேருங்கள் என்று செயலாளர் அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். இன்னும் சேர்க்கவில்லை.