கலவை காத்திருக்காது, கூலி காத்திருக்க வேண்டுமா?

பிசான அறுப்பு முடிந்தது. ஆனியில் சாரல் வந்துவிடும். அதற்குள் குற்றாலத்தில் விடுதிகள் எழும்பியாக வேண்டுமாம்! வயலில் வேலையற்ற விவசாயக் கூலிகள் தென்காசி வட்டாரத்து ரெடிமிக்ஸ் பிளாண்டுக்கும் கான்கிரீட் தளத்துக்கும் போகிறார்கள்.

“தண்ணீர் சேர்ந்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும்; காத்திருக்காது” என்கிறார்கள் காண்டிராக்டர்கள். உண்மைதான்! அதற்காக டிரைவர் தூக்கத்தை இழக்கிறார். ஈரச் சிமெண்டில் நிற்பவரின் கால் வெந்து புண்ணாகிறது. கூலி மட்டும் அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டுமா?

கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமும் விதித்தன. அவற்றை விழுங்கி 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த சட்டத் தொகுப்பும் இந்த விதியை அழிக்கத் துணியவில்லை. இது யாரும் போட்ட பிச்சையல்ல. 1923 மே 1இல் சென்னையில் தோழர் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றிய காலந்தொட்டுத் தொழிலாளி வர்க்கம் போராடிக் காத்த உரிமை.

தோழர்களே! ஓவர்டைமைக் கணக்கில் எழுதச் சொல்வோம். பூட்ஸும் கையுறையும் கேட்போம். தனியாகக் கேட்டவருக்கு நாளை வேலை இருக்காது. பிளாண்ட், லாரி, தளம் மூன்றும் ஒரே சங்கமாக நின்றால், இறுகிப் பாழாவது அவர்கள் கலவையே! சங்கம் கட்டிய அனுபவமுள்ள மில் தோழர்கள் முன்னே வரட்டும்!