பெருசு குறுக்க வந்துருச்சு!

பெரம்பலூர் நான்கு ரோட்டிலிருந்து பாடாலூர் வரை எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் உட்காருங்கள். விபத்துப் பேச்சு வந்தால் தீர்ப்பு தயாராக இருக்கும்: "பெருசு குறுக்க வந்துருச்சுப்பா." கார்க்காரர் என்ன வேகத்தில் வந்தார், அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா, பெரியவர் அங்கே ஏன் சாலையைக் கடக்க வேண்டி வந்தது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அடிபட்டவர் கிழவர் என்றால் விசாரணை முடிந்தது.

இதே பேச்சின் மறுபாதி வீட்டுக்குள் நடக்கிறது. "எழுபது ஆயிடுச்சு, இனிமே எதுக்குப்பா வண்டி? சாவியக் குடுங்க." அக்கறையோடு சொல்லப்படுவதால் இதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. நான் எதிர்க்கிறேன். வயது எண்ணைப் பார்த்து வண்டியைப் பிடுங்குவது, யோசிக்கச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்த வழி. அதனால் பிழைக்கும் உயிர் குறைவு. வேறு விதத்தில் போகும் உயிரும் உண்டு.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தனை வயதோடு ஓட்டக்கூடாது என்ற மேல் வரம்பு கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 50 முதல் 55 வயதுக்குள் உரிமம் வாங்கினால் 60 வயது வரை செல்லும். 55 தாண்டியவருக்கு ஐந்தைந்து ஆண்டாகக் கொடுப்பார்கள். அதாவது சட்டமே "வயசாயிடுச்சு, போ" என்று சொல்லவில்லை. "அடிக்கடி வந்து காட்டு" என்றுதான் சொல்கிறது.

சாகிறவர்கள் யார்? மத்திய அரசின் 2022 கணக்கில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது. ஆனாலும் எந்த அப்பாவும் இருபத்திரண்டு வயது மகனிடம் "உன் வயசுதான் ஆபத்தான வயசு, சாவியக் குடு" என்று கேட்டதாகத் தெரியவில்லை. நியாயமாகச் சொன்னால், வயதானவர்கள் கொஞ்ச தூரமே ஓட்டுகிறார்கள், ஓட்டும் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் மிக முதிய வயதில் ஆபத்து ஏறத்தான் செய்யும். இதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி உடம்பின் பலவீனம். வாலிபன் விழுந்தால் முட்டியில் சிராய்ப்போடு எழுந்து, வண்டியில் கீறல் விழுந்ததா என்று பார்ப்பான். அதே இடத்தில் விழுந்த எழுபத்தைந்துக்காரருக்கு இடுப்பு எலும்பு போகும், படுக்கையில் நுரையீரலில் சளி கட்டும், மூன்று மாதத்தில் பதினாறாம் நாள் பத்திரிகை அடித்துவிடுவார்கள். அதிகம் சாகிறார்கள் என்பதற்காக அதிகம் தப்பு செய்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

எண்ணை வைத்து வடிகட்டிப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. பின்லாந்தில் 70 வயதில் மருத்துவச் சோதனை கட்டாயமாக இருந்தது, பக்கத்து ஸ்வீடனில் இல்லை. 1990களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பின்லாந்தின் முதிய ஓட்டுநர்கள் விபத்தில் சிக்குவது குறைந்திருக்கவில்லை. சாலையில் நடந்துபோகும் முதியவர்கள் சாவதோ ஸ்வீடனைவிட அங்கே கூடுதலாக இருந்தது. டென்மார்க் 2006இல் 70 தாண்டியவர்களுக்கு ஞாபகசக்திச் சோதனையைக் கொண்டுவந்தது. 2012இல் வெளியான ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது: காரில் சாவு குறையவில்லை, காரை விட்டு இறங்கியவர்களிடம் கூடியது. வயதைக் காரணம் காட்டிக் கேட்ட மருத்துவச் சான்றையே அந்த நாடு 2017இல் கைவிட்டது.

ஜப்பானைச் சொல்லி என்னை மடக்கலாம். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகேபுகுரோவில் 87 வயதுக்காரர் ஒருவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்ததில் ஓர் இளம் தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். நாடே கொதித்தது, அந்த ஆண்டு சுமார் 6 லட்சம் பேர், பெரும்பாலும் முதியவர்கள், தாங்களாகவே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அவர் அதற்கு முன்பே கால் சரியில்லாமல் கைத்தடி ஊன்றி நடந்தவர். 87 என்ற எண் யாருக்கும் எதையும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கால் சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் கேட்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். இங்கே பெரியவர்களின் வண்டி கார் அல்ல, எக்ஸ்எல் மொபெட். கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டாம், எடை குறைவு, நின்றால் இரண்டு காலும் தரையில் பதியும். மக்காச்சோள மூட்டையும் புல்லுக்கட்டும் அதில்தான் போகின்றன. விடியற்காலை ஐந்தரைக்குச் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் ஒரு எக்ஸ்எல்லை நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேன். கண்ணாடி இருக்காது, புல்லுக்கட்டு இடிக்கிறது என்று என்றைக்கோ கழற்றியாகிவிட்டது. மார்கழி என்றால் காதோடு சேர்த்து மஃப்ளர் கட்டியிருப்பார், பின்னால் வரும் ஹாரன் பாதிதான் கேட்கும். பழைய வண்டியில் முன்விளக்கு என்ஜின் ஓட்டத்தைப் பொறுத்து எரியும். அதனால் பள்ளம் வருகிறதே என்று அவர் வேகத்தைக் குறைக்கும் இடத்தில், சரியாக வெளிச்சம் வேண்டிய அந்த இடத்தில், விளக்கும் மங்கும். இதில் எழுபது வயதின் குற்றம் எவ்வளவு, இருநூறு ரூபாய்க் கண்ணாடியின் குற்றம் எவ்வளவு?

சாலையின் பங்கு தனி. திருச்சி–சென்னை நெடுஞ்சாலை நான்கு வழியானபோது ஊர் ஒரு பக்கமும் காடு மறுபக்கமுமாகப் போன குடும்பங்கள் வழிநெடுகிலும் உண்டு. மீடியனில் திறப்பு தூரத்தில் இருந்தால், அரை லிட்டர் பெட்ரோலைப் பார்த்து ராங் சைடிலேயே வருகிறார்கள். தப்புதான். ஆனால் சிறுவாச்சூர்க் கோயில் திங்கள், வெள்ளிகளில் இருபது வயதுப் பையன்கள் மூன்று பேராக ஏறிக்கொண்டு அதே தப்பைச் செய்வதையும் பார்க்கிறோம். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் வரிசை கட்டிப் போகும் சாலையில், அதே தடத்தில், ஓரத்தில் மண் இறங்கிய தார் விளிம்பில், ஒருவர் மொபெட் ஓட்டியாக வேண்டியிருக்கிறது. லாரிக்கென்று தனிச் சாலை வேண்டும் என்று மறியல் செய்யும் ஊர்க்காரர்களே, வீட்டுக்குப் போனதும் அப்பாவின் வயதைக் குற்றம் சொல்வதுதான் எனக்குப் புரியாதது.

வயது எதையும் செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. செய்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள் வேறாகச் செய்கிறது. கண்புரை தொடங்கியவருக்குப் பகலில் பேப்பர் படிக்க முடியும், இரவில் எதிர்வண்டியின் விளக்கு பட்டதும் சாலையே காணாமல் போய்விடும். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவருக்கு, காரில் கால் பிரேக்கில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. கழுத்து எலும்பு தேய்ந்தவர் வலப்பக்கம் திரும்பும்முன் பின்னால் பார்ப்பதில்லை. கையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால் நடுவழியில் மயக்கம் வரும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை தூங்க வைக்கும். இவற்றில் எது எழுபது வயதுக்கு மட்டும் சொந்தம்? வேப்பந்தட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் ஐம்பத்துநான்கு வயதிலேயே இதில் மூன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார், தினமும் துறையூருக்குக் காரில் போய்வருகிறார். அவர் அண்ணனுக்கு எழுபத்திரண்டு, புரை எடுத்துக்கொண்டார், இருட்டினால் வண்டியைத் தொடமாட்டார். குடும்பம் கூடிச் சாவி கேட்டது அண்ணனிடம்.

மறுபக்கத்துப் பெரியவர்களின் வாதத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறேன்: "நாப்பது வருசமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" தெரியாது. நாற்பது வருடம் ஓட்டியது வேறு கண்ணை வைத்து, வேறு சாலையில்.

இந்தக் கண்ணையும் காலையும் பார்க்கத்தான் அரசு ஒரு தாளை வைத்திருக்கிறது. 40 வயது தாண்டியவர்கள் உரிமம் புதுப்பிக்க, மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். விண்ணப்பிப்பவரே உறுதி சொல்லும் படிவம் 1இல் நல்ல கேள்விகள் இருக்கின்றன: வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா, மாலைக்கண் உண்டா, சாதாரண ஹாரன் சத்தம் கேட்குமா, 25 மீட்டர் தூரத்தில் காரின் நம்பர் பிளேட் தெரியுமா. இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். டிரைவிங் ஸ்கூல்காரர் கட்டாக எடுத்துப் போகிறார், கையெழுத்தும் சீலும் கட்டாகத் திரும்பி வருகின்றன. ஆளையே பார்க்காமல் அவர் கண்ணுக்குச் சான்று. தவிர, அந்த நம்பர் பிளேட் சோதனையே நல்ல பகல் வெளிச்சத்துக்கானது. பால் சொசைட்டி பகல் வெளிச்சத்தில் நடப்பதில்லை.

சட்டத்தின் 16ஆம் பிரிவு, நோயோ ஊனமோ காரணமாக ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயம் இருந்தால், எப்போது வேண்டுமானாலும் உரிமத்தை ரத்து செய்யவும் புதிய சான்று கேட்கவும் அதிகாரம் தருகிறது. பெரம்பலூரின் டிஎன் 46 அலுவலகத்துக்கும் அரியலூரின் டிஎன் 61 அலுவலகத்துக்கும் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இருப்பதைப் பயன்படுத்தினால் போதும். எக்ஸ்எல் ஓட்டும் எத்தனை பெரியவர்களிடம் உரிமமே கிடையாது என்ற கேள்வியும் இருக்கிறது; அவர்களை எந்தப் படிவமும் எட்டாது. 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சின்ன மின்சார ஸ்கூட்டருக்கு உரிமமே வேண்டாம் என்பதால், சாவியைப் பிடுங்கிய மகனே அதை வாங்கிக் கொடுத்து நிம்மதி அடைவதும் நடக்கிறது. கண் அதே கண்தான்.

பிடுங்கியபின் என்ன நடக்கிறது? பெரம்பலூர் மாவட்டத்துக்கு ரயில் கிடையாது. டவுன் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓடும் ஊர்கள் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், நல்லது. 60 தாண்டிய ஆண்களுக்கு மாதம் 10 டோக்கன் என்ற சலுகை சென்னை மாநகரப் பேருந்தோடு நின்றுவிட்டது. செந்துறைக்காரர் சென்னைக்கா போய் ஏறுவார்? அவர் நடப்பார். டிப்பர் போகும் அதே சாலையின் ஓரத்தில், அதே இருட்டில், இப்போது விளக்கும் இல்லாமல். பின்லாந்திலும் டென்மார்க்கிலும் எண்ணிப் பார்த்துச் சொன்னது இதைத்தான்.

சாவியை ஒரே நாளில் பிடுங்க வேண்டிய ஆட்கள் உண்டு. வலிப்பு வந்தவர், வீட்டுக்கு வழி மறந்தவர், பிரேக் எது என்று தடுமாறியவர். அவர்களுக்கு ஐம்பது வயதானாலும் அன்றைக்கே நிறுத்துங்கள். மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகக் குறைக்கலாம். முதலில் இருட்டு. பிறகு நான்கு வழிச் சாலை. பிறகு பின்னால் பேரப்பிள்ளை. பிறகு பாரம். உள்ளூர்த் தெருவும் காட்டு வழியும் கடைசி. எது எப்போது என்று முடிவுசெய்ய, பிள்ளைகள் ஒரு மாலை அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அரியலூர் பஜார் வரை போய்வரட்டும். எதிர்விளக்கு வரும்போது வண்டி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, திரும்பும்போது தலை திரும்புகிறதா, வேகத்தடை எத்தனை அடி தள்ளித் தெரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள டாக்டர் வேண்டாம். கழற்றிய கண்ணாடியை அன்றே மாட்டிவிடலாம். புரை இருந்தால் அரசு மருத்துவமனையில் அறுவைக்குச் செலவில்லை.

அதன் பிறகும் வண்டி வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள்: காலைப் பாலை யார் கொண்டுபோவது, சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கி வருவது, உரக்கடைக்கு யார், சம்பந்தி ஊரில் துக்கம் என்றால் அப்பாவை யார் கூட்டிப்போவது. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு போனில் சாவி கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் அதே போனிலேயே சொல்லிவிடட்டும்.