பிளான் அப்ரூவல் சரி, அஸ்திவாரத்துக்கு என்ன இருக்கு?

நம்ம தென்காசிப் பக்கம் கட்டின வீட்டை வாங்குறவங்க பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாத்தையும் வக்கீலை வச்சு அலசிடுவாங்க. வாசல் எந்தத் திசைன்னு நாலு பேர்கிட்ட கேப்பாங்க. மண் பரிசோதனை அறிக்கை எங்கே, அஸ்திவாரக் கம்பி விவரம் இருக்குற ஸ்ட்ரக்சுரல் டிராயிங் எங்கேன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்லை. கேட்டா, "அப்ரூவல் இருக்குல்லா"ன்னு பதில் வரும்.

அப்ரூவல் பிளான்ல இருக்கறது அறை அளவு, சுத்தி விட்ட இடம், உயரம். மண்ணுக்குள்ள போட்டதுக்கு அது சாட்சி இல்லீங்க. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்துல சரிஞ்ச 11 மாடிக் கட்டடமும் சி.எம்.டி.ஏ. அனுமதி வாங்கினதுதான். 61 பேர் செத்தாங்க. பக்கத்துல நின்ன ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகர்த்தாங்க.

அது அடுக்குமாடி, நமக்கென்னன்னு தோணும். சங்கரன்கோவில் பக்கம் கரிசல். மழையில உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும். அங்க போய் செம்மண் தரைக்குத் தோண்டுற மாதிரி மேலாக்க வானம் தோண்டினா, ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வா விரிசல் விடும். மண்ணடிச்சு மேடாக்கின வயல் பிளாட்டுல வேற வியாதி, கொட்டின மண்ணு மெல்ல மெல்ல அமுங்கும்.

2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி மனையில 3500 சதுர அடி வரைக்கும் சுயசான்றுலயே உடனடி அனுமதி. அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனா கணக்குப் போட்ட என்ஜினியர் யாருன்னு விசாரிக்கிற வேலை இனி வாங்குறவர் தலையில. (வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்குவாரா? எங்க காமர்ஸ் புத்தி இப்படித்தான் போகும்!)

அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு காகிதத்தையும் கேட்டு வாங்குங்க. "எல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும்"னு சொன்னா, வேற வீடு பாருங்க.