காணி எவ்வளவு? அடிமானம் கேட்காமல் விடை சொல்லாதீர்கள்

நிரலாக்க வகுப்பில் எண்முறை மாற்றம் என்றால் இரண்டு, எட்டு, பதினாறு ஆகிய அடிமானங்களோடு பாடம் முடிகிறது. மொழித்துறைகளிலோ ‘அது கணினிக்காரர் வேலை’ என்பதோடு பேச்சே முடிகிறது. இரு தரப்பினருக்கும் நகரியிலிருந்து ஒரு கேள்வி: காணி என்பது எவ்வளவு?

தமிழில் காணி 1/80. தெலுங்கில் அதே சொல் 1/64. முந்திரிக் கணக்கில் (1/320) முன்னது நான்கு, பின்னது ஐந்து. இரு மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில், தெலுங்குக் காணியைத் தமிழ்க் காணியாக வாசித்தால் ஐந்தில் ஒரு பங்கு காணாமற்போகும்.

இதை வெறும் பொருள் திரிபு என்று அகராதியில் குறித்துவிட்டு நகர்வது போதாது. இரண்டின் அடிமானமும் வேறு. தெலுங்குப் பின்னங்கள் நான்கின் அடுக்குகளில் இறங்குகின்றன: 1/4, 1/16, 1/64. ஒற்றைப்படை அடுக்குக்கும் இரட்டைப்படை அடுக்குக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. 2008இல் அவை ஒருங்குறியில் இடம்பெற்றன. தமிழிலோ முந்திரிக்குக் கீழே ‘கீழ்’ என்ற முன்னொட்டு மீண்டும் 320ஆல் வகுக்கிறது, கீழ்முந்திரி 1/1,02,400.

மாற்றும் நிரல் மிக எளியது. பின்னத்தை அடிமானத்தால் பெருக்குக. முழு எண்ணை எழுதிக்கொள்க. மிச்சத்தை மீண்டும் பெருக்குக. ஒரு மாவை (1/20) 320ஆல் பெருக்கினால் 16, மிச்சமில்லை. நான்கால் பெருக்கிச் சென்றால் 0, 0, 3, 0, 3, 0, 3... முடிவே இல்லை. 320க்குள் ஐந்து அடங்கும், நான்குக்குள் அடங்காது. கணினியின் இருநிலை முறையில் 0.1 துல்லியமாக அமையாததற்கும் இதுவே காரணம். மாணவர் புரியாமல் மனப்பாடம் செய்யும் அந்த விதி நம் பழங்கணக்கிலேயே இருக்கிறது.

‘வழக்கொழிந்த கணக்கு இன்று எதற்கு?’ என்பார்கள். வழக்கொழிந்தது கணக்குமுறை, அதில் எழுதப்பட்ட ஆவணங்கள் ஒழிந்துவிடவில்லை. தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவை, நாணயக் குறிகளும் உட்பட 51 குறிகள் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்தன. குறிக்கு எண் கிடைத்துவிட்டது. அதன் மதிப்பை எந்த அடிமானத்தில் வாசிப்பது என்பதை மொழியறிந்தவர்தான் நிரலுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே, எல்லைப்பகுதிக் கணக்கேடுகளை மின்பதிவாக்குவோர் ஒவ்வொரு பின்னத்தோடும் அதன் மொழியையும் அடிமானத்தையும் பதிவுசெய்க. மொழியியல் வகுப்பில் இந்த நிரலை எழுதச் சொல்லுங்கள்; நிரலாக்க வகுப்பில் காணியையும் மாவையும் மாற்றச் சொல்லுங்கள். அதுவரை ‘எண்ணுக்கு மொழி கிடையாது’ என்று மேடையில் முழங்க வேண்டாம்.